பந்தியில் இடமில்லாத பேராளர்கள்

1936ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க நூலகச் சங்கத்தின் வருடாந்திர மாநாடு வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் கூடியது. அதற்குச் சற்று முன்பாகச் சங்கத்தின் கறுப்பின உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. மரியாதையான கடிதம்தான். மாநாட்டுக்கு வரும் கறுப்பினப் பேராளர்கள் வெள்ளையர் நுழையும் அதே வாசல் வழியாக நுழையலாம். அவர்களைப் போலவே வரவேற்கப்பட்டுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மாநாட்டு ஹோட்டல்களில் அவர்களுக்கு அறை கிடைக்காது. காலை உணவோடும் மதிய உணவோடும் இரவு விருந்தோடும் சேர்த்து நடத்தப்படும் கூட்டங்களுக்கு அவர்கள் வரக்கூடாது. உணவு முடிந்தபின் தொடங்கும் கூட்டமென்றால், சாப்பாட்டில் கலந்துகொள்ளாமல் கூட்டத்துக்கு மட்டும் வரலாம். அமர்வுகளில் அவர்கள் உட்காரத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும்.

இலக்கியம் வாசிப்பவர்களாகிய நாம் ஒரு பிரதியை அது சொல்லும் செய்திக்காக மட்டுமின்றி அதன் தொனிக்காகவும் படிக்கப் பழகியவர்கள். அப்படிப் படித்தால், இக்கடிதம் எங்குமே ‘வராதே’ என்று சொல்லவில்லை என்பது கண்ணில் படும். வரலாம், பதியலாம், கேட்கலாம் என்று அது சலுகைகளை அடுக்குகிறது. ஒவ்வொரு சலுகைக்குப் பின்னாலும் ஓர் ‘ஆனால்’ நிற்கிறது. அனுமதிகளின் வடிவில் எழுதப்பட்ட தடையுத்தரவு அது. அதை எழுதியவர்கள் தாங்கள் கொடுமை செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். விருந்தினர் வந்தபின் வாசலில் சங்கடம் நேராமல் முன்கூட்டியே தெரிவித்துவிடும் நல்லெண்ணம் என்றே நினைத்திருப்பார்கள். வரலாற்றில் இவ்வகை நல்லெண்ணத்தின் இடம் பெரியது. அதைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது நமது குறை.

ரிச்மண்ட் என்றால் எந்த ஊர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராக இருந்த நகரம் அது. போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், தென்மாநிலங்களில் ஜிம் குரோ சட்டங்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிரிவினைச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியாக வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்ற கருத்தில் தீர்ப்பளித்து அவற்றுக்கு அரசியலமைப்பின் காப்பை வழங்கிவிட்டது. வர்ஜீனியா இதில் ஒருபடி மேலே போயிற்று. 1926இல் அம்மாநிலம் நிறைவேற்றிய பொதுக்கூட்டச் சட்டம், இரு இனத்தவரும் வந்து கூடும் அரங்கங்களில் அவர்களைத் தனித்தனியே அமர்த்துவதைக் கட்டாயமாக்கிற்று.

அந்தச் சட்டம் பிறந்த கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ரிச்மண்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் ஹாம்ப்டன் கல்லூரி இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்டது. அதன் ஆக்டன் அரங்கில் 1925இல் டெனிஷான் நடனக் குழுவின் நிகழ்ச்சி நடந்தபோது, உள்ளூர் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் மனைவி கறுப்பினத்தவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர நேர்ந்துவிட்டது. ஆசிரியர் கொதித்தெழுந்து எழுதினார். அந்தக் கொதிப்பு கிளர்ச்சியாகி, கிளர்ச்சி சட்டமாயிற்று. ஒரு நடன நிகழ்ச்சியின் பக்கத்து இருக்கை ஒரு மாநிலத்தின் சட்டப் புத்தகத்துக்குள் போன விதம் இது.

அதே ஹாம்ப்டனில் அதே 1925இல்தான், கறுப்பின நூலகர்களைப் பயிற்றுவிக்கும் நூலகப் பள்ளியும் தொடங்கப்பட்டது. கார்னகி அறக்கட்டளையின் பணத்தில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரத்தோடு நடந்த பள்ளி. ஆக, ஒருபுறம் ஹாம்ப்டனில் சங்கம் தரும் அங்கீகாரத்தோடு கறுப்பின நூலகர்கள் உருவாகிறார்கள். மறுபுறம் சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ரிச்மண்டில் அதே சங்கத்தின் மாநாட்டில் அவர்களுக்கு மேஜையில் இடமில்லை. தொழிலுக்குள் அனுமதித்தாயிற்று, தொழிலின் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை.

சங்கத்தின் தரப்பு எளிமையானது: சட்டம் மாநிலத்தினுடையது, வழக்கம் ஹோட்டலினுடையது, நாங்கள் வெறும் விருந்தாளிகள். இதில் பாதி உண்மை. அரங்கில் தனிப்பகுதி ஒதுக்குவதைச் சட்டம் வற்புறுத்தியது, ஐயமில்லை. ஆனால் அந்தச் சட்டம் 10 ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரிச்மண்டை யாரும் சங்கத்தின் தலையில் கட்டவில்லை. அழைப்புகளை எடைபோட்டு, ரயில் வசதியையும் ஹோட்டல் அறைகளின் எண்ணிக்கையையும் பார்த்து, ஒரு குழு உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஊர் அது. அப்போது சில உறுப்பினர்களுக்கு அங்கே படுக்கவும் உண்ணவும் இயலாது என்பது கணக்கில் வரவில்லை. வந்திருந்தால், பெரிய தடையாகப் படவில்லை. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இதுதான். மாநாட்டு விதி கடிதத்தில் எழுதப்படுவதற்கு வெகுமுன்பே, ஊரைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. கடிதம் அதன் நகல் மட்டுமே.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். மூன்று நாள்களோ ஐந்து நாள்களோ நடக்கும் தொழில்முறை மாநாட்டில் எது மாநாடு? மேடையில் வாசிக்கப்படும் கட்டுரை பிறகு அச்சில் வந்துவிடும். அதைக் கேட்க யாரும் ரயிலேற வேண்டியதில்லை. ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் நடக்கும் அறிமுகங்கள், காலை உணவின்போது காதில் விழும் வேலை பற்றிய செய்தி, இரவு விருந்தில் அருகமர்ந்த மூத்தவர் கேட்கும் கேள்வி, இவற்றுக்காகத்தான் போகிறார்கள். இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வருகிற நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் நடப்பதுதான் உண்மையான கூட்டம். ரிச்மண்ட் கடிதம் கறுப்பின நூலகர்களுக்கு அனுமதித்தது கட்டுரைகளை, மறுத்தது மாநாட்டை.

‘சமபந்தி’ என்ற சொல் நம் மொழியில் ஓர் அரசியல் சொல்லாக ஏன் ஆயிற்று என்பதை அறிந்தவர்களுக்கு, விலக்கு ஏன் எப்போதும் உணவு மேஜையில் வந்து நிற்கிறது என்பதும் புரியும். அமெரிக்கத் தெற்கில் ஒரு வெள்ளையர் கறுப்பினச் சமையற்காரியின் கையால் ஆயுள் முழுவதும் உண்ணலாம். அவளோடு அமர்ந்து ஒருவேளை உண்ண முடியாது. நியூயார்க் பொது நூலகத்தின் நூலகப் பள்ளியில் 1923இல் பட்டம் பெற்று, ஹார்லெம் கிளையில் நூலகராகப் பணிபுரிந்த நெல்லா லார்சன் ஒரு நாவலாசிரியருமாவார். 1929இல் வெளியான அவரது ‘பாஸிங்’ நாவலில் முக்கியமான சந்திப்பு ஒரு சிகாகோ ஹோட்டலின் மாடித் தேநீர்க் கூடத்தில் நிகழ்கிறது. வெளிர்நிறத்தால் வெள்ளையர் என்று கருதப்பட்டு அங்கே அமர்ந்திருக்கும் கறுப்பினப் பெண், பக்கத்து மேஜையிலிருந்து ஒருத்தி தன்னையே உற்றுப் பார்ப்பதை உணர்ந்து, தான் கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்படுவோமோ என்று நடுங்குகிறாள். நூலகர் ஒருவர் எழுதிய நாவலின் முடிச்சு ஹோட்டல் மேஜையில் விழுந்தது தற்செயலென்று நமக்குத் தோன்றவில்லை. கதை நடப்பது வடக்கில் என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கு இவ்விஷயத்தில் புனிதமாக இருந்ததில்லை.

ரிச்மண்ட் மாநாடு நடந்த அதே 1936இல்தான் நியூயார்க்கின் கறுப்பினத் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், தம் இனத்துப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தொகுத்த கையேட்டின் முதற் பதிப்பை வெளியிட்டார். ‘பச்சைப் புத்தகம்’ என்று பெயர்பெற்ற அது ஏறத்தாழ 30 ஆண்டுகள் பதிப்பிக்கப்பட்டது. ஒரு நாட்டில் உணவகப் பட்டியலே ஒரு பாதுகாப்புச் சாதனமாக இருக்க வேண்டியிருந்தது.

மாநாட்டை ஒட்டிக் கண்டனங்கள் எழுந்தன. கறுப்பினத்தவரிடமிருந்து மட்டுமின்றி வெள்ளை நூலகர்களிடமிருந்தும் வந்தன. இலக்கிய வாசகர்களுக்கு இவற்றில் முக்கியமானது ‘வில்சன் புல்லட்டின்’ என்ற நூலகர் இதழில் வெளிவந்த தலையங்கம். ‘ரிச்மண்டில் ஒரு பேயுரு’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பு. எழுதியவர் இதழின் ஆசிரியராயிருந்த ஸ்டான்லி கூனிட்ஸ். ஆம், கவிஞர் கூனிட்ஸ்தான். அப்போது வயது 30. முதல் கவிதைத் தொகுதி 1930இல் வந்திருந்தது. பிற்காலத்தில் 1959ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசும், 2000இல் அரசவைக் கவிஞர் பதவியும் வர இருந்தன. ஹார்வர்டில் சிறப்பாகத் தேறியும், யூதர் ஒருவரிடம் ஆங்கிலம் கற்க ஆங்கிலோ-சாக்ஸன் மாணவர்கள் விரும்பமாட்டார்கள் என்று காரணம் காட்டப்பட்டு அங்கே ஆசிரியப் பணி மறுக்கப்பட்டவர் அவர். அந்த மறுப்பும் ஒருவகையில் மரியாதையான மறுப்பே: நாங்கள் தடுக்கவில்லை, மாணவர்கள் விரும்பமாட்டார்கள். ரிச்மண்ட் கடிதத்தின் இலக்கணத்தை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டதில் வியப்பில்லை. நூலகர்களின் தொழிலிதழை ஒரு கவிஞர் நடத்தியதால் அத்தொழிலுக்கு நேர்ந்த நன்மைகளில் இது ஒன்று.

சங்கம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. 1936 டிசம்பரில் சிகாகோவில் கூடிய அதன் பேரவை ஒரு தீர்மானத்தை ஏற்றது. மாநாட்டுக்காகச் சங்கத்துக்கு ஒதுக்கப்படும் அல்லது அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் எல்லா அறைகளிலும் அரங்குகளிலும் உறுப்பினர் அனைவரும் முழுச் சமத்துவத்தோடு அனுமதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஏழு மாதங்களுக்குள் இப்படி ஒரு தீர்மானம் வந்தது சிறிய விஷயமன்று. அன்றைய அமெரிக்காவில் பல தொழிற்சங்கங்களும் கல்விச் சங்கங்களும் இதைப் பேசக்கூடத் தொடங்கவில்லை.

ஆனால் தீர்மானத்தின் சொற்களை மறுபடி பார்க்க வேண்டும். சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் அறைகள். பேராளர் இரவில் உறங்கும் அறை ஹோட்டலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்த வேலியைத் தாண்டத் தீர்மானத்துக்குத் துணிவில்லை. எனினும் நடைமுறையில் அது எழுத்தைவிட அதிகம் செய்தது. பிரிவினைச் சட்டம் உள்ள ஊர்களில் இந்த நிபந்தனையை நிறைவேற்ற இயலாது. எனவே சங்கத்தின் வருடாந்திர மாநாடு தெற்குப் பக்கமே போகவில்லை. நியூயார்க், கன்ஸாஸ் நகரம், சான்பிரான்சிஸ்கோ, சின்சினாட்டி, பாஸ்டன் என்று சுற்றி வந்து, 1956இல்தான் புளோரிடாவின் மயாமி பீச்சில் மீண்டும் தெற்கில் காலூன்றியது. 20 ஆண்டுகள். இதைக் கொள்கையின் வெற்றி என்று எழுதுவோர் உண்டு. நமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தெற்கே இருந்த கறுப்பின நூலகருக்கு, குறைந்த சம்பளத்தில், மாநாடு இப்போது இன்னும் தொலைவில் போய்விட்டது. அவமதிப்பு நீங்கியது, ரயில் கட்டணம் கூடியது.

இந்த நூலகர்கள் ஊழியம் செய்த நூலகங்களோ தெற்கில் பெரும்பாலும் வெள்ளையருக்கு மட்டுமானவை. ரிச்சர்ட் ரைட் தமது தன்வரலாறான ‘பிளாக் பாய்’ நூலில் 1920களின் மெம்பிஸ் நகரைப் பற்றிச் சொல்வதை நம்மில் பலர் படித்திருப்போம்: உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையை இரவல் வாங்கி, அவர் எழுதியது போன்ற ஒரு சீட்டைத் தாமே எழுதி, யாருக்கோ புத்தகம் வாங்கிவந்த எடுபிடிப் பையனைப் போல் நூலகரின் முன்னால் நின்று மென்கெனின் நூல்களைப் பெற்ற கதை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற நூலகரும் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போயிருக்கக்கூடியவர்தான். நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையிலிருந்து வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, புத்தகம் தேர்ந்தெடுத்த சிலருக்கானதென்ற பழைய எண்ணத்தை நேராக எதிர்ப்பது. ரிச்மண்டுக்கு ஐந்தாண்டு முன்பே வெளிவந்த நூல். உலக நூலகத் தொழில் அவ்விதிகளைப் பின்னாளில் தன் அடிப்படைப் பாடமாக்கிக்கொண்டது.

நூலகர்களை மட்டும் கூண்டிலேற்றுவது நியாயமாகாது. கணக்கிலாவது நிறபேதம் இராது என்று நினைப்பவர்கள் 1951ஆம் ஆண்டின் நாஷ்வில்லைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தென்கிழக்குப் பிரிவு அந்த ஆண்டு டென்னஸி மாநிலத்தின் அந்நகரில் கூடியது. நகரிலேயே இருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவருக்கானது. அதன் கணிதத் துறைத் தலைவர் லீ லார்ச் வெள்ளையர். தம் கறுப்பினத் துறைத் தோழர்கள் மூவரோடு அவர் கூட்டத்துக்குப் போனார். மூவரில் ஒருவர் எவலின் பாய்ட். 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், கணிதத்தில் அப்பட்டம் பெற்ற முதல் சில கறுப்பினப் பெண்களில் ஒருவர், பின்னாளில் எவலின் பாய்ட் கிரான்வில் என்ற பெயரில் விண்வெளிப் பயணங்களின் பாதைக் கணக்குகளில் பணிபுரிந்தவர். ஆய்வுக் கட்டுரைகளைக் கேட்க அவர்களுக்குத் தடை இல்லை. நிறைவு விருந்துக்கு முன்பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பதிவு மட்டும் ஏற்கப்படவில்லை. மறுபடியும் பந்திதான்.

ஊர் அவர்களுடையது. வெளியூர்க்காரர்கள் வந்து விருந்துண்ண, உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் சும்மா திரும்பவில்லை. லார்ச்சும் தோழர்களும் கணிதச் சங்கங்களுக்கு எழுதிய கடிதம் 1951 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாயிற்று. அவர்கள் கேட்டது பரிதாபமன்று, ஒரு விதி. சங்கத்தின் எந்த நடவடிக்கையிலும் இனப் பாகுபாடு கூடாது என்று விதித்தொகுப்பிலேயே எழுதுங்கள் என்றார்கள். விதித்தொகுப்பில் அது ஏறவில்லை. கொள்கை என்ற அளவில் ஏற்கப்பட்டது. கொள்கைக்கும் விதிக்கும் உள்ள தூரம் விரைவில் தெரிந்தது. 1960இல் தென் கரோலினாவில் நடந்த கூட்டத்துக்குப் போன அட்லாண்டா பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள், தங்குமிடத்தில் தங்களைப் பிரித்து வைக்க முயன்றதைக் கண்டித்து வெளியேற வேண்டியிருந்தது.

இதற்கு முன் 1947இல் ஜே. எர்னஸ்ட் வில்கின்ஸுக்கு நேர்ந்ததும் இவ்வகைதான். 19 வயதில் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்ற மேதை அவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த கணிதக் கூட்டத்துக்கு அவர் வருவதை அறிந்த ஒரு பொறுப்பாளர், அருகே ஒரு நல்ல கறுப்பினக் குடும்பம் இருக்கிறது, அவர்களோடு தங்கி உண்ணலாம் என்று எழுதினார். வில்கின்ஸ் போகவில்லை. அந்த ‘நல்ல’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எத்தனை கவனமாக, எத்தனை அன்பாக வைக்கப்பட்ட சொல்!

லீ லார்ச்சைப் பற்றி இரண்டு வரியாவது கூடுதலாகச் சொல்லாமல் கடக்க முடியாது. நியூயார்க்கில் வெள்ளையருக்கு மட்டுமென்றிருந்த ஸ்டைவசன்ட் டவுன் குடியிருப்பை எதிர்த்துப் போராடியவர். தம் வீட்டில் ஒரு கறுப்பினக் குடும்பத்தைக் குடிவைத்தவர். அதனால் அடுத்தடுத்து இரு கல்லூரிகளில் வேலை இழந்து ஃபிஸ்குக்கு வந்தவர். அங்கும் நிலைக்க விடவில்லை. 1954இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டு அந்த வேலையும் போயிற்று. அடுத்து அவர் போன ஊர் லிட்டில் ராக். 1957இல் அங்கே பள்ளிக்குப் போன எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற கறுப்பினச் சிறுமியை வெள்ளையர் கூட்டம் சூழ்ந்து கூச்சலிட்டபோது, அவளருகே போய் நின்று பேருந்தில் ஏற்றிவிட்ட பெண் லார்ச்சின் மனைவி கிரேஸ். பிறகு குடும்பம் கனடாவுக்குப் போயிற்று. ஒரு விருந்து மேஜையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் அற்ப விஷயத்தைப் பெரிதாக்குகிறார்கள் என்று எண்ணுபவர்களுக்கு, அந்தக் கடிதத்தை எழுதியவரின் வாழ்க்கையே பதில்.

வரலாற்றாசிரியர்களின் கதையில் கொஞ்சம் சிரிப்பும் உண்டு. தென்மாநில வரலாற்றுச் சங்கம் 1949இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் கூடியபோது, நிகழ்ச்சிக் குழுவில் இருந்த சி. வான் வுட்வர்ட் ஒரு கறுப்பின அறிஞரைக் கட்டுரை வாசிக்க அழைத்தார். ஜான் ஹோப் ஃபிராங்க்ளின். 1947இல் ‘அடிமைமுறையிலிருந்து விடுதலைக்கு’ என்ற பெருநூலை வெளியிட்டவர். கட்டுரையின் தரம் பற்றி யாருக்கும் கவலையில்லை. எங்கே தூங்குவார், எங்கே சாப்பிடுவார் என்பதே கவலை. அவர் தமக்கென ஒரு சிறு கூடாரமும் ராணுவ உணவுப் பொட்டலமும் கொண்டுவருவார் என்று வுட்வர்ட் பதிலளித்தாராம். அமெரிக்கத் தெற்கின் வரலாற்றை ஆராயும் சங்கத்துக்கு, அந்த வரலாறு தன் முன்னாலேயே சாப்பாட்டு நேரத்தில் நடந்துகொண்டிருந்தது தெரியவில்லை என்று சொல்ல முடியாது. வுட்வர்டுக்குத் தெரிந்திருந்தது. 1955இல் அவர் வெளியிட்ட ‘ஜிம் குரோவின் விசித்திர வாழ்க்கை’, பிரிவினை என்பது தொன்றுதொட்ட வழக்கம் என்ற நம்பிக்கையை உடைத்து, அதன் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் போட்டு உண்டாக்கியது என்று காட்டிய நூல். அதாவது, ‘ஊர் வழக்கம்’ என்று ஹோட்டல்காரர்களும் ஏற்பாட்டாளர்களும் கைகாட்டியதற்கு வயது 60 ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

அதே 1955 நவம்பரில் இச்சங்கம் மெம்பிஸின் பீபாடி ஹோட்டலில் கூடியது. முந்தைய ஆண்டு பள்ளிப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. இரண்டே மாதங்களுக்கு முன் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில், 14 வயது எமெட் டில்லைக் கொன்றவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டிருந்தனர். இந்தச் சூழலில் தீர்ப்பைப் பற்றிப் பேச மூவர் மேடையேறினர். ஒருவர் வழக்கறிஞர் செசில் சிம்ஸ். ஒருவர் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவரும் மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசானுமான பெஞ்சமின் மேய்ஸ். மூன்றாமவர் வில்லியம் ஃபாக்னர். பிற்காலத்தில் இப்பிரச்சினையில் தடுமாறிய சொற்களையும் பேசியவர்தான் ஃபாக்னர். ஆனால் அன்றிரவு பிரிவினைக்கு எதிராகவே நின்றார். மூவரின் உரைகளும் 1956இல் சிறு நூலாக வந்தன. கறுப்பினக் கல்வியாளர் ஒருவர் நகரின் முதன்மையான ஹோட்டலின் மேடையில், நோபல் பரிசு பெற்ற மிசிசிப்பிக்காரரின் அருகில். ரிச்சர்ட் ரைட் சீட்டெழுதிப் புத்தகம் வாங்கிய அதே மெம்பிஸ்.

நூலகர்களிடம் திரும்புவோம். தேசிய மாநாட்டின் கதவு திறந்த பிறகும், தென்மாநிலங்கள் சிலவற்றின் மாநில நூலகச் சங்கங்கள் கறுப்பினத்தவரை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. மூடிய கதவு ஒரு மாடி கீழே இறங்கியிருந்தது, அவ்வளவே. இதை உடைத்தவர் இ. ஜே. ஜோஸி. 1924இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்தவர். ரிச்மண்ட் மாநாட்டின்போது அதே மாநிலத்தில் சிறுவன். பிறகு ஜார்ஜியாவில் சவானா அரசுக் கல்லூரியின் நூலகராக இருந்தார். 1964 கோடையில் செயின்ட் லூயிஸில் தேசிய மாநாடு நடந்தபோது, கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்துத் தேசியச் சங்கத்திலிருந்து விலகியிருந்த மிசிசிப்பி நூலகச் சங்கத்தை ஒரு நற்பணிக்காகப் பாராட்டினார்கள். அதே ஜூன் மாதம் 21ஆம் தேதி மிசிசிப்பியில் மூன்று குடியுரிமைப் போராளிகள் காணாமற்போயிருந்தனர். ஜோஸி எழுந்தார். உறுப்பினர் சேர்க்கையில் பாகுபாடு காட்டும் எந்த மாநிலச் சங்கத்தின் கூட்டத்திலும் தேசியச் சங்கத்தின் நிர்வாகிகளும் ஊழியர்களும் பதவி முறையில் கலந்துகொள்ளக் கூடாது என்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். அது நிறைவேறியது.

இத்தீர்மானத்தின் சாமர்த்தியம் ரசிக்கத்தக்கது. அதுவரை விதி, வருகிறவர் எந்த மேஜைக்கு வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜோஸி அதைத் திருப்பிப்போட்டு, அழைக்கப்படும் பெரியவர் எந்த மேஜைக்குப் போகக்கூடாது என்று எழுதினார். சிறப்பு விருந்தினர் வரமாட்டார் என்றதும் வழக்கங்கள் எவ்வளவு விரைவாக நெகிழ்கின்றன! 1965இல் ஜார்ஜியா நூலகச் சங்கம் ஜோஸியை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அச்சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1984இல் தேசியச் சங்கத்தின் தலைவரானார்.

1964 ஜூலை 2ஆம் தேதி கையெழுத்தான குடியுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் இனப் பாகுபாட்டை நாடு முழுவதும் சட்டவிரோதமாக்கியது. அதன்பின் அமெரிக்காவில் எந்த மாநாட்டு ஏற்பாட்டாளரும் ஊர்ச் சட்டத்தின் பின்னால் நின்று அப்படியொரு கடிதம் எழுத வழியில்லாமற்போயிற்று. ஆனால் 1936லும் 1951லும் எழுதியவர்கள், எதிர்த்தவர்கள், வராமலிருந்தவர்கள் எல்லோரும் சட்டம் வருமுன்பே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

2007 ஜனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகம் லீ லார்ச்சுக்குத் தன் உயரிய சேவை விருதை வழங்கியது. நாஷ்வில் விருந்துக்கு 56 ஆண்டுகளுக்குப் பின்பு, அவருடைய 91ஆம் வயதில். 2018 ஜூனில் அமெரிக்க நூலகச் சங்கம், நூலகங்களில் நிலவிய இனப் பிரிவினைக்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் இயற்றியது. ஜோஸி 2009இலேயே மறைந்துவிட்டார். இரண்டும் நடந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரில், தெற்கில்.